இரண்டாவது சேர்வர் வாங்கினால் போதுமா?

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் நம்மவர்களில் பலருக்கு இன்று கடையின் இன்னொரு வாசல் இணையத்தளம்தான். அக்கரைப்பற்றிலோ புத்தளத்திலோ இருக்கும் சில்லறை வியாபாரி தன் கடையைப் பூட்டிவிட்டு, இரவு பதினொரு மணிக்கு ஓர்டர் போடுகிறார். காலையில் நாம் வந்து பார்த்துப் பொதி கட்டுகிறோம். அந்த வாசல் இரவில் தானாகப் பூட்டிக்கொண்டால் அவர் நமக்காகக் காத்திருக்க மாட்டார், அடுத்த கடைக்குப் போய்விடுவார். இந்தப் பயத்தை வைத்து இப்போது ஒரு புதுச் சரக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. அதன் பெயர் 'ஹை அவைலபிலிட்டி கிளஸ்டர்'. ஒரு கொம்பியூட்டர் விழுந்தால் மற்றது எழுந்து வேலையைத் தொடரும் விதமாகப் பல சேர்வர்களைக் கூட்டாக இயக்குவதுதான் அது.

அண்மையில் நண்பர் ஒருவர் இதற்கான கொட்டேஷன் ஒன்றை என்னிடம் காட்டினார். அவர் அதுவரை கட்டிவந்த மாதக் கட்டணத்தைப் போல மூன்று மடங்கு. கொண்டுவந்த இளைஞரும் பக்கத்தில் இருந்தார். "நானா, இது விழவே விழாது" என்றார். நான் எஞ்சினியர் அல்ல, பாடசாலைப் படிப்போடு கடைக்கு வந்தவன். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டேன்: "தம்பி, முதல் மெஷின் செத்துப்போச்சு என்று யார் தீர்மானிக்கிறது?" "ரெண்டாவது மெஷின்தான் நானா, அதுதானே பார்த்துக்கொண்டிருக்கு" என்றார். அந்தப் பதிலில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் சில அடிப்படைகளைப் பார்த்துவிடுவோம்.

முதலில் சதவீதக் கணக்கு. கொட்டேஷன்களில் '99 சதவீதம் இயங்கும்' என்று போட்டிருப்பார்கள். பரீட்சைப் புள்ளியாக இருந்தால் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் வருடத்துக்கு 8,760 மணித்தியாலங்கள். அதில் ஒரு சதவீதம் என்றால் 87 மணித்தியாலத்துக்கும் அதிகம், அதாவது மூன்றரை நாட்களுக்கு மேல் கடை பூட்டு. 99.9 என்றால் எட்டே முக்கால் மணித்தியாலம். 99.99 என்றால் 52 நிமிடம். 99.999 என்றால் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு ஒன்பது கூடும்போதும் செலவு ஒரு படி அல்ல, ஒரு மாடியே ஏறும்.

ஆளுக்கு 99 சதவீதம் இயங்கும் இரண்டு சேர்வர்களைப் பக்கத்துப் பக்கமாக வைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் விழுவதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. அதாவது 99.99. தாளில் இந்தக் கணக்கு சரி. ஆனால் ஒன்று விழுவதற்கும் மற்றது விழுவதற்கும் சம்பந்தமே இல்லை என்றால்தான் அது உண்மையிலும் சரி. இரண்டும் ஒரே வயரில் மின்சாரம் எடுத்தால்? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் போனது நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் வந்த வினை என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். மின்பிறப்பாக்கி இல்லாத கட்டடத்தில் அன்று இரண்டு சேர்வர் இருந்தாலும் இருபது இருந்தாலும் ஒன்றுதான். மின்பிறப்பாக்கி இருந்தாலும் தீக்கு என்ன செய்வது? 2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் கம்பனியின் ஒரு டேட்டா சென்டர் கட்டடம் முழுதாக எரிந்துபோனது. சேர்வரையும் அதன் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் ஒரே இரவில் இழந்தார்கள். ஆகவே இரண்டாவது சேர்வர் எங்கே இருக்கிறது, எந்த மின்சாரத்தில், எந்த ஃபைபர் லைனில் என்பது அதன் விலையைவிட முக்கியம்.

இனி உள்ளே போவோம். ஓர் இணையத்தளத்தின் பின்னால் இரண்டு விதமான வேலை நடக்கிறது. ஒன்று, வருபவருக்குப் பக்கங்களைக் காட்டுவது. மற்றது, ஓர்டரையும் கையிருப்பையும் பதிவு செய்வது. முதலாவதைக் கவுண்டரில் நிற்கும் விற்பனைப் பையன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கணக்குப் புத்தகம்.

பையன்களைக் கூட்டுவது சுலபம். எல்லோரும் ஒரே சரக்கைத்தான் காட்டுகிறார்கள். ஒருவன் சாப்பிடப் போனால் வாடிக்கையாளரை அடுத்தவன் கவனிக்கலாம். யாரிடம் அனுப்புவது என்று வாசலில் நின்று சொல்லும் ஆளுக்குத்தான் 'லோட் பெலன்சர்' என்று பெயர். அது சில செக்கன்களுக்கு ஒரு தடவை ஒவ்வொரு சேர்வரையும் "இருக்கிறாயா?" என்று கேட்கும். பதில் வராவிட்டால் அங்கே ஆள் அனுப்பாது. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டுதான். வாடிக்கையாளர் தெரிவு செய்த சாமான்களின் பட்டியலை ஒரு பையன் தன் தலைக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. அவன் போனால் பட்டியலும் போய்விடும். ஆகவே அதைப் பொதுவான ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும். அடுத்தது, வாசலில் நிற்கும் அந்த ஆளும் ஒருவராக இருக்கக் கூடாது. இரண்டு லோட் பெலன்சர் வைத்து, ஒன்று விழுந்தால் அதன் முகவரியை மற்றது எடுத்துக்கொள்ளும்படி செய்வார்கள்.

கஷ்டம் கணக்குப் புத்தகத்தில்தான். பையன்கள் பத்துப் பேர் இருக்கலாம். புத்தகம் இரண்டாக இருந்தால் வியாபாரம் என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனவே டேட்டாபேஸில் வழக்கமாக ஒரு சேர்வரை மூலப் புத்தகமாக வைத்து அதில் மட்டும் எழுதுவார்கள். மற்றது அதைப் பார்த்துப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கும்.

பிரதி எடுப்பதிலும் இரண்டு முறை உண்டு. ஒரு முறையில், மூலப் புத்தகம் ஓர்டரை எழுதிய உடனேயே வாடிக்கையாளருக்கு "சரி" என்று சொல்லிவிடும். பிரதி சற்றுப் பின்னால் வரும். இது வேகமானது. ஆனால் அந்த இடைவெளியில் மூலம் எரிந்துவிட்டால், "சரி" என்று சொன்ன சில ஓர்டர்கள் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. மற்ற முறையில், பிரதியும் "எழுதிவிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் வாடிக்கையாளருக்குப் பதில். இது பத்திரமானது, ஆனால் மெதுவானது. பிரதி படுத்துவிட்டால் மூலமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரேஎஸ்கியூஎல் என்று நம் இணையத்தளங்களில் அதிகம் பாவிக்கப்படும் இரண்டும், தனியாக மாற்றி அமைக்காவிட்டால் முதல் முறையில்தான் ஓடும். பலருக்கு இது தெரியாது.

பத்திரமான முறையையே எல்லோரும் எடுத்தால் என்ன என்று கேட்கலாம். தூரம் விடாது. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். போய்வர மிகக் குறைந்தது 27 மில்லி செக்கன். கேபிள் நேராகப் போவதில்லை, எனவே உண்மையில் இன்னும் கூடும். ஓர் ஓர்டருக்கு இது ஒன்றுமில்லை. ஒரு பட்டியலைப் பதிவு செய்ய நூறு தடவை போய்வர வேண்டியிருந்தால் மூன்று செக்கன் போய்விடும். அதனால் உடனடிப் பிரதியை அதே நகரத்தில் இன்னொரு கட்டடத்திலும், பின்தங்கி வரும் பிரதியைத் தூர தேசத்திலும் வைப்பதுதான் பொதுவான ஏற்பாடு.

இப்போது அந்த இளைஞரிடம் கேட்ட கேள்விக்கு வருவோம். முதல் மெஷின் செத்துவிட்டது என்று யார் சொல்வது?

நான் கெய்சர் வீதியில் ஒரு கடையிலும், என் தம்பி மருதானையில் ஒரு கடையிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூலப் புத்தகம் என்னிடம். எனக்கு ஏதாவது நடந்தால் தம்பி எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருநாள் இரண்டு கடைக்கும் நடுவில் டெலிபோன் மட்டும் அறுந்துவிடுகிறது. தம்பிக்கு என் சத்தம் கேட்கவில்லை. நானா மௌத்தாகிவிட்டார் என்று அவர் எழுதத் தொடங்குகிறார். நானோ உயிரோடு இருந்து என் பாட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கையிருப்பில் உள்ள கடைசி 200 சாரத்தை நான் ஒருவருக்கும் அவர் இன்னொருவருக்கும் விற்றுவிடுகிறோம். இருவரும் காசு வாங்கிவிட்டோம். மாலையில் டெலிபோன் வந்த பிறகு எந்தப் புத்தகம் சரி? இரண்டும் சரி, இரண்டும் பிழை. இதற்குக் கொம்பியூட்டர்காரர்கள் வைத்த பெயர் 'ஸ்பிளிட் பிரெய்ன்', மூளை இரண்டாகப் பிளப்பது. இரண்டே சேர்வர்கள் ஒன்றையொன்று பார்த்துத் தாமாக முடிவெடுக்கும் ஏற்பாட்டில் இது இன்றில்லாவிட்டால் நாளை நடக்கும். ஏனெனில் மற்றவன் செத்ததற்கும் நடுவிலுள்ள லைன் அறுந்ததற்கும் வித்தியாசம் எந்த மெஷினுக்கும் தெரியாது.

இதற்கு மருந்து மூன்றாவது ஆள். வீட்டில் இருக்கும் கணக்கப்பிள்ளை என்று வைப்போம். அவர் விற்க வேண்டியதில்லை, புத்தகமும் வேண்டாம், வாக்கு மட்டும் இருந்தால் போதும். மூவரில் இருவர் ஒருவரையொருவர் தொடர்புகொள்ள முடிந்தால் அந்த இருவர் பக்கம் வியாபாரம் தொடரும். யாரையும் எட்ட முடியாத தனி ஆள், தான் உயிரோடு இருந்தாலும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். இந்தப் பெரும்பான்மைக்குத்தான் 'கோரம்' என்கிறார்கள். நமது சங்கக் கூட்டங்களில் சொல்லும் அதே சொல்தான். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பது நல்லது. மூன்று பேரில் ஒருவர் விழுந்தாலும் நடக்கும். நான்கு பேரானாலும் ஒருவர் விழுவதைத்தான் தாங்கும், காசுதான் கூட. மூடச் சொல்லியும் மூடாத பழைய சேர்வரைத் தூரத்திலிருந்தே கரண்டை வெட்டி அணைக்கும் வழியும் உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்டோனித்' என்று பெயர். 'மற்றவன் தலையில் சுடு' என்பதன் சுருக்கம்! எஞ்சினியர்களின் பகிடி எப்போதும் கொஞ்சம் கரடுமுரடுதான்.

மூன்றாவது ஆள் வந்ததும் எல்லாம் தீர்ந்ததா? பெரிய இடத்துக் கதை ஒன்றைப் பாருங்கள். உலகத்து மென்பொருள்காரர்கள் தங்கள் வேலைகளைச் சேமித்து வைக்கும் இடம் கிட்ஹப். மைக்ரோசொப்ட் நிறுவனம் 750 கோடி டொலருக்கு அதை வாங்கி முடிப்பதற்கு ஐந்து நாட்களுக்கு முன், 2018 ஒக்டோபர் 21ஆம் திகதி, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பழுதான ஓர் ஒளியிழைக் கருவியை மாற்றப்போய், அவர்களின் பிரதான டேட்டா சென்டரின் தொடர்பு அறுந்தது. அறுந்தது 43 செக்கன்கள் மட்டுமே. ஆனால் அவர்களின் சேவை முழுதாகப் பழைய நிலைக்கு வர 24 மணித்தியாலமும் 11 நிமிடமும் எடுத்தது.

நடந்தது இதுதான். வாக்களிக்கும் மெஷின்கள் அவர்களிடம் சரியாகவே இருந்தன. கிழக்கு டேட்டா சென்டருக்கு வெளியே இருந்தவை பெரும்பான்மையாகக் கூடி, 'கிழக்கு போய்விட்டது, இனி மேற்குக் கரையில்தான் மூலப் புத்தகம்' என்று முடிவெடுத்தன. சட்டப்படி சரியான முடிவு. ஆனால் கிழக்கில் கடைசிச் சில செக்கன்கள் எழுதப்பட்டவை மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. தொடர்பு திரும்பியபோது மேற்கில் புதிய பதிவுகள் ஏறத் தொடங்கிவிட்டன. கிழக்கில் இருந்தது மேற்கில் இல்லை, மேற்கில் இருந்தது கிழக்கில் இல்லை. அவர்களின் மிகச் சுறுசுறுப்பான டேட்டாபேஸ்களில் ஒன்றில் மட்டும் இப்படி அந்தரத்தில் நின்ற பதிவுகள் 954. உடனே கடையைத் திறந்து அந்தப் பதிவுகளை விட்டுவிடுவதா, வாடிக்கையாளரைக் காக்க வைத்துக் கணக்கைச் சரிசெய்வதா என்ற நிலை. கணக்குத்தான் முக்கியம் என்று தீர்மானித்து ஒரு நாள் முழுக்கத் தாமதத்தை ஏற்றார்கள். என் பார்வையில் அது சரியான வியாபாரத் தீர்மானம். கடை ஒருநாள் மந்தமாக நடந்ததை வாடிக்கையாளர் மன்னிப்பார், கணக்குப் பிசகியதை மன்னிக்க மாட்டார்.

அவ்வளவு வசதியும் ஆட்பலமும் உள்ளவர்களுக்கே தானாக மாறும் ஏற்பாடு இப்படிக் காலை வாரியது என்றால், நமது பத்துப் பேர் கொண்ட கடைக்கு அதை அமைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொஞ்சம் அதிகமாகக் கேள்வி கேட்பதில் தவறில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பிரதி வேறு, பெக்கப் வேறு. பிரதி என்பது மூலத்தில் எழுதுவதை அப்படியே எழுதும். மூலத்தில் அழித்தால் அதையும் அப்படியே அழிக்கும், கேள்வி கேட்காது. பெக்கப் என்பது நேற்று இரவு இருந்த புத்தகத்தை நகல் எடுத்து வேறிடத்தில் பூட்டி வைப்பது.

2017 ஜனவரி 31ஆம் திகதி கிட்லெப் என்ற கம்பனியில், பின்தங்கிப்போன பிரதி சேர்வரைச் சரிசெய்ய இரவில் போராடிக்கொண்டிருந்த எஞ்சினியர் ஒருவர், பிரதி என்று நினைத்து மூல சேர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு செக்கனில் கையை எடுத்தும், சுமார் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது நாலரை ஜிகாபைட்தான். சரி, பெக்கப்பை எடுப்போம் என்று போனால், தினமும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பெக்கப் எடுபடவே இல்லை. மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் அது ஒவ்வொரு தடவையும் தோற்றிருக்கிறது. தோற்றதாக அறிவிக்கும் மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேராமல் திரும்பியிருக்கிறது. அதிர்ஷ்டவசமாக, ஆறு மணித்தியாலத்துக்கு முன் வேறொரு தேவைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த நகல் இருந்தது. அதை வைத்து எழுந்தார்கள். ஆனாலும் ஏறத்தாழ 5,000 திட்டங்களின் பதிவுகளும் 700 புதிய கணக்குகளும் போனது போனதுதான். அந்தக் கம்பனியைப் பாராட்ட ஒன்று உண்டு. மீட்கும் வேலையை யூடியூபில் நேரடியாகக் காட்டி, என்ன பிழைத்தது என்று முழுவதையும் எழுதி வெளியிட்டார்கள்.

தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2023 ஓகஸ்ட்டில் நமது அரசாங்கத்தின் கிளவுட் சேவையை வைரஸ் ஒன்று பூட்டியது. கப்பம் கேட்கும் வகை. இணைப்பிலேயே இருந்த பெக்கப்பையும் அது சேர்த்துப் பூட்டிவிட்டது. இணைப்புக்கு வெளியே கழற்றி வைத்த பெக்கப் இல்லாததால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் தொலைந்தன. வைரஸுக்கு இரண்டு சேர்வரும் ஒன்றுதான், நாலும் ஒன்றுதான். கழற்றிப் பூட்டி வைத்த டிஸ்க் ஒன்றுதான் அதன் கைக்கு எட்டாது.

அப்படியானால் நாம் எதை வாங்குவது? நண்பரிடம் நான் இரண்டு கணக்குப் போடச் சொன்னேன். கடை எத்தனை மணித்தியாலம் மூடிக் கிடந்தால் தாங்குவீர்கள்? எத்தனை நிமிட ஓர்டர்கள் தொலைந்தால் தாங்குவீர்கள்? இரண்டும் வேறு வேறு கேள்வி. நாளொன்றுக்கு இணையத்தில் இரண்டு இலட்சம் ரூபா வியாபாரம், அதில் பத்து சதவீதம் இலாபம் என்றால், ஒரு நாள் முழுக்க மூடினாலும் போவது இருபதாயிரம். வருடத்தில் இரண்டு தடவை அப்படி நடந்தால் நாற்பதாயிரம். கிளஸ்டருக்கு மேலதிகமாக மாதம் ஐம்பதாயிரம் என்றால் வருடத்துக்கு ஆறு இலட்சம். நாற்பதாயிரத்தைக் காப்பாற்ற ஆறு இலட்சம் கட்ட எந்த வியாபாரி ஒப்புவார்? வாடிக்கையாளர் கைமாறிப் போகும் நட்டத்தையும் சேர்த்து நாலு மடங்காக வைத்தாலும் கட்டுபடியாகாது. ஆனால் ஒரு நாளின் ஓர்டரும் கடன் பாக்கியும் புத்தகத்திலிருந்து மறைந்தால் வரும் நட்டத்துக்கு இப்படிக் கணக்கே போட முடியாது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும்.

ஆகவே சிறிய கடைகளுக்கு என் யோசனை இது. நல்ல சேர்வர் ஒன்று. வேறு கட்டடத்தில், வேறு மின்சாரத்தில், பிரதி எடுத்துக்கொண்டிருக்கும் இரண்டாவது ஒன்று. மாற்றும் முடிவை மெஷினிடம் விடாமல், டெலிபோனில் உறுதிசெய்துவிட்டு மனிதர் ஒருவர் மாற்றட்டும். அரை மணித்தியாலம் போகும், மூளை பிளக்காது. தினமும் பெக்கப், வாரம் ஒரு தடவை கழற்றி எடுத்துப் பூட்டி வைக்கும் பெக்கப். கடையின் பில் போடும் மெஷின் இணைப்பு இல்லாமலும் வேலை செய்ய வேண்டும். லாச்சிக்குள் கார்பன் வைத்த பில் புத்தகம் ஒன்றும் கிடக்கட்டும்.

நாளுக்கு நூற்றுக்கணக்கில் ஓர்டர் வரும் பெரிய இடமென்றால், தானாக மாறும் ஏற்பாடு தேவைதான். அதைத் தனியாகக் கட்டுவதைவிட வாடகைக்கு எடுப்பது புத்தி. உதாரணமாக அமெசன் நிறுவனம் மும்பாயிலும் சிங்கப்பூரிலும் தரும் டேட்டாபேஸ் சேவையில், தனித்தனிக் கட்டடங்களில் உடனடிப் பிரதியோடு எடுத்தால், மூலம் விழுந்தபின் ஒன்று முதல் இரண்டு நிமிடத்துக்குள் பிரதி பொறுப்பேற்பது வழக்கம் என்கிறார்கள். கோரம், வாக்கு எல்லாம் அவர்கள் தலைவலி. பெக்கப் மட்டும் அப்போதும் உங்கள் தலைவலிதான். டொலரில் பில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எதை எடுத்தாலும் கையொப்பம் வைக்குமுன் விற்பவரிடம், "தம்பி, இப்போது என் கண் முன்னால் முதல் சேர்வரின் வயரைக் கழற்றுங்கள்" என்று சொல்லுங்கள். எத்தனை நிமிடத்தில் மற்றது எழுகிறது, கடைசியாகப் போட்ட ஓர்டர் இருக்கிறதா என்று நீங்களே கைக்கடிகாரத்தோடு பாருங்கள். பிறகு சேர்வர்களுக்கு நடுவிலுள்ள லைனை மட்டும் கழற்றச் சொல்லுங்கள், இரண்டும் உயிரோடு இருக்கட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓர்டர் எடுத்தால் அந்தக் கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். போன மாதத்துப் பெக்கப் ஒன்றை எடுத்து வெறும் கொம்பியூட்டரில் ஏற்றிக் காட்டவும் சொல்லுங்கள். இதை நோன்பு தொடங்குவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே செய்துவிடுவது நல்லது. பெருநாள் வியாபாரம் சூடு பிடித்த பிறகு வயரைக் கழற்ற யாருக்கும் மனம் வராது.

நண்பர் அந்த இளைஞரிடம் இதைக் கேட்டார். வயரைக் கழற்றுவதற்குத் தனிக் கட்டணம் என்று பதில் வந்திருக்கிறது. எவ்வளவு என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம்.